கூறைச் சேலையின் மறுமுனை

அத்தியாயம் பதினெட்டு

போன வாரம் சௌந்திரத்தை உலக்கையும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவள் அங்கேதான் நிற்கிறாள். உரலில் இருப்பது கல்யாண அரிசி. கல்யாணம் வேலுமணிக்கு. பெண் மட்டும் சௌந்திரம் இல்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே வானம் பார்த்த சீமையில் சென்னியப்பக் கவுண்டருக்குத் தோட்டமும் காடும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் சேந்தமங்கலத்துச் சந்தைக்கு மாடு விற்கப் போனவர், திரும்பி வரும்போது வண்டியில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார். துண்டில் சுருட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் வாந்திபேதியில் போய்விட்டார்கள், நாதியில்லை என்றார். அவர் மனைவி பொன்னாத்தாள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கைக்குழந்தை அல்ல, பால் புகட்ட வேண்டியதில்லை, இன்னொரு வாய்க்குக் களி கிண்டினால் போயிற்று என்று எடுத்துக்கொண்டாள்.

அப்படி வளர்ந்தவள் சௌந்திரம். அந்த வீட்டில் மகளுக்கு உண்டான செல்லமும் அவளுக்குக் கிடைக்கவில்லை, வேலைக்காரிக்கு உண்டான கூலியும் கிடைக்கவில்லை. அடித்தார்களா என்றால் இல்லை. பட்டினி போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, எல்லோரும் சாப்பிட்டதையே சாப்பிட்டாள். குறை சொல்வதற்கு இடமே இல்லாத ஒரு குறை அது.

இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன்னால், எந்தக் கூட்டம் கண்ணு என்றுதான் கேட்பார்கள். கூட்டம் என்றால் குலம், ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கை. கூட்டம் தெரியாத பெண்ணை யார் கட்டுவார்கள்? விசேஷ வீடுகளில் ஒவ்வொருத்தியும் கேட்கக் கேட்க, தெரியலீங்க, தெரியலீங்க என்று சொல்லியே அவளுக்கு வாய் மரத்துவிட்டது. வயசுப் பெண்கள் கூறைப்புடவைக்கு ஆசைப்படுவார்கள். இவள் கூட்டத்தின் பேருக்கு ஆசைப்பட்டாள்.

சின்ன வயதில் ஒருநாள் சென்னியப்பரிடமே போய், “மாமா, நா எந்தக் கூட்டமுங்க?” என்று கேட்டுவிட்டாள். அவர் எழுந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் போய்விட்டார். அவரை மாமா என்றும் தன்னை அத்தை என்றும் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தவள் பொன்னாத்தாள்தான். ஆனால் மாமா என்று கூப்பிட்டால் சென்னியப்பர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. காது கொஞ்சம் மந்தம் என்று சௌந்திரம் நினைத்துக்கொண்டாள்.

மாமா, அத்தை என்றால் அவர்கள் மகன் வேலுமணி என்ன முறை? கட்டிக்கொள்கிற முறை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மனசில் ஆசை முளைத்தது. வேலுமணியும் தண்ணீர் ஊற்றினான். கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டே, கடலைக்காய் வெட்டி முடியட்டும், அப்பாகிட்டச் சொல்லிப்போடறேன் என்றான். கடலைக்காய் வெட்டி முடிந்தது. பருத்தி எடுத்து முடிந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் தெய்வநாயகி என்றொரு பெண்ணைப் பார்த்து வெற்றிலை மாற்றியும் முடிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

கதை இங்கேதான் நிற்கிறது. இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாளை விடிந்தால் பெண் வீட்டில் முகூர்த்தம். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் இணைச்சீர் நடந்தாக வேண்டும். மாப்பிள்ளையையும் அவனுடைய உடன்பிறந்தவளையும் ஒரே பந்தலில் ஒன்றாக நிறுத்திச் செய்கிற சீர் அது. நாளைக்கு மணப்பெண் கட்டப்போகிற கூறைச் சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும். மறுமுனை தங்கையின் கையில் இருக்கும். பெண்டாட்டி நாளைக்கு வருகிறவள், கூடப்பிறந்தவள் இன்றைக்கே இருக்கிறவள், அவளை மறந்துவிடாதே என்று ஊர் கூடிச் சொல்கிற சடங்கு. அது இல்லாமல் மாப்பிள்ளை வண்டி ஏற முடியாது.

வேலுமணிக்கு உடன்பிறந்தவள் இல்லை. இல்லாதவர்களுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம், கூட்டம் ஒன்றாக இருந்தால் போதும். ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து சாரதாமணி என்ற பெண்ணை அதற்காகவே கூட்டிவந்திருந்தார்கள். புது வளையலும் புதுச் சேலையுமாக வந்தவள், இன்று காலையில் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். கொல்லைப்புறத்துக் குடிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவள் என்ன செய்வாள் பாவம்.

உள்ளூரில் இருக்கிற ஒரே பங்காளி சண்முகவேல். அவர் வீட்டில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் கிணற்றடிக் காட்டுத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள், கூப்பிடவும் சென்னியப்பர் போகமாட்டார்.

பந்தலில் சனம் நிறைந்துவிட்டது. சீரை நடத்திவைக்கிற அருமைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பொன்னாத்தாள் ஒரு மஞ்சள் சேலையை எடுத்துக்கொண்டு உரலடிக்கு வந்தாள்.

“குளிச்சுப்போட்டு இதைக் கட்டிக்க, அம்மிணி. இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும்.”

சௌந்திரம் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். அத்தைக்கு வேலை மும்முரத்தில் ஏதோ புரண்டுவிட்டது என்று நினைத்தாள். கூட்டம் தெரியாதவள் எப்படி நிற்பது என்று கேட்டாள்.

“தெரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்க. நீ கந்தவேலு மக.”

கந்தவேல் யார் என்று அவளுக்குத் தெரியும். சென்னியப்பரின் தம்பி. வேலுமணி பிறப்பதற்கு முன்பே அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். எங்கேயோ மலைத் தோட்டத்தில் இருப்பதாக ஊர் இன்னமும் பேசிக்கொள்ளும்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அந்த முதல் கணத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. எனக்கு அப்பா உண்டு, அவருக்கு ஒரு பேர் உண்டு, இந்த வீட்டுக் கூட்டமே என் கூட்டம். அடுத்த கணம்தான் மற்றது உறைத்தது. கந்தவேல் மகள் என்றால் வேலுமணிக்கு அவள் தங்கை.

“நெசமுங்களா, அத்தை?”

பொன்னாத்தாள் அவளைப் பார்க்காமல் உரலைப் பார்த்தாள். பந்தலில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது நிசம் பொய் பார்க்க நேரமில்லை என்றாள். சௌந்திரத்துக்கு விளங்கிவிட்டது. பேர் கிடைத்தது என்று நினைத்தோம், இரவல் பேர்தான் கிடைத்திருக்கிறது. சாரதாமணியின் வளையலைப் போல, ஒருவேளைக்குப் போட்டுக் கழற்றுவது.

“ஆருங்க இப்பிடிச் சொல்லச் சொன்னது? மாமாவுங்களா?”

“அவருகிட்ட இனிமேல்தான் சொல்லோணும். வேலுமணிதான் சொன்னான்.” இதைச் சொல்லும்போது பொன்னாத்தாள் குரலில் பெருமைகூட இருந்தது. “நமக்கும் காரியம் ஆயிரும், அவளுக்கும் ஒரு பேரு கெடைச்ச மாதிரி இருக்கும்னான். உம்மேல அவனுக்கு அத்தனை பாசம்.”

பாசமாம். சௌந்திரம் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள், வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி கசந்தது. அப்பாவிடம் வாயைத் திறக்கப் பயந்தவனுக்கு அம்மாவிடம் இந்த யோசனை சொல்லப் பயமில்லை. கிணற்று மேட்டில் சொன்ன வார்த்தையை என்ன செய்வது என்று தவித்திருப்பான். ஒரேயடியாகத் தங்கையாக்கிவிட்டால் வார்த்தையும் தீர்ந்தது, கடனும் தீர்ந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு குளிக்கப் போனாள். கூறைச் சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை ஒளிப்பானேன். பொய்யாகவே இருந்தாலும், எந்தக் கூட்டம் என்று கேட்டவர்கள் முன்னால் ஒருதடவை பதில் உள்ளவளாக நிற்க வேண்டும் என்ற ஆசை.

பந்தலில் அருமைக்காரர் செங்கோட்டையக் கவுண்டர் அறுகம்புல்லும் பாலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த வட்டாரத்துக் கல்யாணங்களை நடத்திவைக்கிற பெரியவர். ஐயர் வந்தாலும் வராவிட்டாலும் அவர் இல்லாமல் தாலி ஏறாது. மஞ்சள் சேலையில் சௌந்திரம் வந்து நின்றதும் கையிலிருந்த புல்லைக் கீழே வைத்துவிட்டார்.

“இந்தப் புள்ளயா நிக்குது? இது எந்தக் கூட்டம்?”

பொன்னாத்தாள் அதற்குள் புருஷன் பக்கத்தில் போய்க் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னியப்பர் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்குப் போனதைச் சௌந்திரம் பார்த்தாள். கோபம் என்றுதான் நினைத்தாள். அவர் எழுந்தார்.

செங்கோட்டையர் விடவில்லை. கூட்டம் தெரியாத பெண்ணை நிறுத்தி நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விடியும் என்றார். நியாயந்தான். ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி நடுப்பந்தலில் வைக்கச் சொன்னார்.

“உங்க ஊட்டு ரத்தம்னா, கற்பூரத்த அடிச்சுச் சொல்லிப்போடு, சென்னியப்பா.”

பந்தல் அடங்கிவிட்டது. ஏனென்றால் சென்னியப்பரையும் கற்பூரத்தையும் பற்றி அங்கே எல்லோருக்கும் தெரியும். கிணற்றடிக் காட்டு வழக்கில், எல்லை இதுதான் என்று என் தகப்பன் சொல்லக் கேட்டேன் என்று ஒரு சத்தியம் செய்திருந்தால் காடு அவருக்கு. அவர் எரிகிற கற்பூரத்தின் முன்னால் நின்று, என் காதால் நான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். காடு சண்முகவேலுக்குப் போயிற்று. அப்படிப்பட்ட மனுஷன்.

பொன்னாத்தாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். வேலுமணி தலையைக் குனிந்துகொண்டான். மானம் போகப்போகிறது, கல்யாணம் நிற்கப்போகிறது என்று அவர்களுக்கு. சௌந்திரத்துக்கு ஒரே ஒரு ஆசை. நிற்கட்டும். இந்த மனுஷன் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார், இந்தச் சீர் நிற்கட்டும்.

சென்னியப்பர் தட்டின் முன்னால் வந்தார். உள்ளங்கையை விரித்து எரிகிற கற்பூரத்தை ஓங்கி அடித்து அணைத்தார்.

“இந்தப் புள்ள எங்க ஊட்டு ரத்தம்” என்றார். “எங்க கூட்டம்.”

குரல் நடுவில் உடைந்தது. வயசான மனுஷன், தம்பியை நினைத்துக்கொண்டார் என்று சனம் உச்சுக்கொட்டியது. அப்படியானால் கந்தவேல் மகள்தானே என்று செங்கோட்டையர் கேட்டார். சென்னியப்பர் கன்றிப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னாத்தாள்தான் அவசரமாக, “ஆமாங்க, ஆமாங்க” என்றாள்.

அவ்வளவுதான். பெண்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. மூக்கு அப்படியே அந்த வீட்டு மூக்கு என்றாள் ஒருத்தி, எனக்கு அப்பவே தெரியும் என்றாள் இன்னொருத்தி. நேற்றுவரை அவளை எச்சில் இலை எடுக்கச் சொன்னவர்கள்தான்.

கூறைச் சேலை இருந்த மூங்கில் பேழையை அவள் கையில் கொடுத்தார்கள். சேலையை எடுத்து ஒரு முனையை வேலுமணியின் கக்கத்தில் செருகினார்கள். மறுமுனையை அவள் விரலில் சுற்றினார்கள். செங்கோட்டையர் பாலில் அறுகைத் தோய்த்து இரண்டு பேர் தலையிலும் தெளித்தார். இருவருக்கும் நடுவே ஒரு முழம் பட்டுத்தான் இருந்தது. இத்தனை கிட்டத்தில் அவனோடு நிற்க வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். நினைத்தபடியே ஊர் கூடி, பந்தல் போட்டு, பட்டும் கையுமாக நிறுத்திவிட்டது. முறைதான் மாறிப்போயிற்று.

இது பொய், இது பொய் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். அந்த மனுஷன் மகனுக்காகப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டார். பொய்ச் சத்தியத்தில் உண்டான தங்கை, தங்கை இல்லை. என் மனசை யாரும் கற்பூரம் அடித்து மாற்ற முடியாது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கீழே விழாமல் நின்றாள்.

“கேளு கண்ணு” என்றார் செங்கோட்டையர். “உன்ற பாத்தியதையக் கேளு.”

இணைச்சீர் நிற்கிற தங்கைக்கு ஒரு பாத்தியதை உண்டு. அண்ணனுக்குப் பிறக்கிற பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்கலாம். அண்ணன் சரியென்று சொல்லியாக வேண்டும். அன்றுமுதல் அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடக்கக்கூடாது. பந்தலில் எழுந்து பேச அவளுக்கு வாய் உண்டு.

சௌந்திரம் தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். இதற்காகத்தானே வந்தாள்.

“அண்ணா. உங்களுக்குப் பொறக்கற பொண்ண என்ற பையனுக்குக் குடுக்கோணும்.”

“குடுக்கறேன்” என்றான் வேலுமணி.

கொஞ்சம் திக்கியிருக்கலாம். கண்ணாவது கலங்கியிருக்கலாம். களத்தில் கடைசி மூட்டையை இறக்கி வைத்தவன் போல இலகுவாகச் சொன்னான். அண்ணா என்று சொன்னபோதுகூட அவளுக்கு அத்தனை வலிக்கவில்லை, அந்த இலகுதான் வலித்தது.

சீர் முடிந்து சனம் பந்திக்குப் போனது. பொன்னாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தானியக் குதிர் இருக்கிற உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். திட்டப்போகிறாளோ, கும்பிடப்போகிறாளோ என்று சௌந்திரத்துக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தை, தண்ணி கொண்டாரட்டுங்களா?”

“இனிமே என்னய அப்பிடிக் கூப்புடாத.”

சரிதான், முறை மாறிவிட்டதே என்று சௌந்திரம் நினைத்தாள். “பெரியம்மான்னுங்களா?”

“பெரியம்மாவும் இல்ல.”

அப்புறம் பொன்னாத்தாள் நிறுத்தாமல் பேசினாள், அந்தக் குதிரின் பக்கமே பார்த்துப் பேசினாள். கந்தவேல் செத்துப்போனவன். மலைத் தோட்டத்தில் விஷக்காய்ச்சலில் போய்விட்டான் என்று ஆள் வந்து சொன்னபோது வேலுமணி அவள் வயிற்றில் இருந்தான். மாமியார் படுத்த படுக்கை, கேட்டால் உசுர் போய்விடும் என்று புருஷனும் பெண்டாட்டியும் மறைத்தார்கள். மாமியார் போன பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கு அவன் இன்றைக்கும் எங்கேயோ போனவன்தான். வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வேலுமணி பிறப்பதற்கு முன்னாலேயே செத்தவனுக்கு, வேலுமணியை விட இளையவளான சௌந்திரம் எப்படி மகளாக முடியும்? பொய்க்கு ஒரு பேர் வேண்டும், செத்தவன் வந்து கேட்கமாட்டான் என்றுதான் மகன் சொன்ன பேருக்குப் பொன்னாத்தாளும் சரியென்றாள்.

“அருமைக்காரரு கற்பூரத்தக் கொளுத்தச் சொன்னப்ப, மானம் போச்சுன்னு நெனச்சேன். காடு போறப்ப பொய் சொல்லாத மனுசன், இதுக்கா சொல்லப் போறாருன்னு நெனச்சேன்.” பொன்னாத்தாள் நிமிர்ந்தாள். “அவரு இன்னிக்கும் பொய் சொல்லலை, சௌந்திரம். தம்பி மகன்னு ஒரு வார்த்த சொன்னாரா? ஆமாங்கன்னது நானு. அவரு எங்க ஊட்டு ரத்தம்னுதான் சொன்னாரு. கந்தவேலு போயிட்டான். இந்த ஊட்டு ஆம்பளைகள்ல மிச்சம் ஆரு இருக்கறது?”

சௌந்திரம் குதிரில் சாய்ந்துகொண்டாள். மாமா என்று கூப்பிட்டால் திரும்பாதவர். காது மந்தம் இல்லை. கட்டுத்தரையில் தூரத்தில் கன்று கத்தினால் கேட்கிற காது.

பேர் வேண்டும் என்று கேட்டாள், கிடைத்துவிட்டது. இரவல் இல்லை, கழற்றவும் முடியாது. பொய் பொய் என்று சொல்லிக்கொண்டு பிடித்த சேலை முனை நிசமான முனை. வேலுமணி ஒரே அப்பனுக்குப் பிறந்த அண்ணன். கிணற்று மேட்டுப் பேச்செல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. விரல்கூடப் பட்டதில்லை. அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு மிச்சம். பிரிந்த காதலை நினைத்தாவது அழலாம், இதை நினைக்கவே கூடாது என்றால் எங்கே போய் அழுவது?

“எங்கம்மா ஆருங்க?” என்று கேட்டாள்.

“அது அந்த மனுசனுக்குத்தான் தெரியும். மாசந்தவறாம சேந்தமங்கலத்துச் சந்தைக்குப் போவாரு. நீ வந்ததுக்கப்பறம் ஒருநாளும் போகலை. மாட்டு வெலை இறங்கிப்போச்சுன்னாரு. நானும் நம்பினேன்.” பொன்னாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “என்ற கையாலதானே உனக்குச் சோறு போட்டேன். உன்னயக் கட்டிக்கிட்டு அழுவறதா, கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளறதான்னு எனக்குத் தெரியலை. முகூர்த்தம் முடியட்டும். அதுவரைக்கும் வேலுமணி காதுக்குப் போகக்கூடாது.”

கிணற்று மேட்டு விஷயம் பொன்னாத்தாளுக்குத் தெரியாது. சௌந்திரமும் சொல்லவில்லை. இதற்குமேல் அந்த அம்மாளுக்கு இன்னொரு கஷ்டத்தையும் கொடுக்கக்கூடாது என்று தோன்றிற்று.

வெளியே வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெண் ஊர் போய்ச் சேர வேண்டும். சௌந்திரம் பின்கட்டுத் தொட்டியில் முகம் கழுவினாள். வேலுமணி வந்தான். தலையில் மாப்பிள்ளை உருமாலும் நெற்றியில் சந்தனமும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு கிட்டே வந்தான்.

“கோவமா?” என்றான். “பந்தல்ல பேசினது ஊருக்கு. நமக்குள்ள என்ன மாறிப்போச்சு? ஒன்னய வேற ஊருக்குக் கட்டிக் குடுக்க உட்டிருவனா? நீ இந்த ஊட்டுலயேதான் இருப்ப. தங்கச்சிகூடப் பேசறதுக்கு ஆரு என்ன சொல்வாங்க?”

பாருங்கள், எத்தனை யோசித்து வைத்திருக்கிறான். காலையில் அவனைக் கோழை என்று நினைத்தாள், அது மரியாதையான பேர். ஒரு பொய்யால் ஊர் வாயையும் அடைத்து, பெண்டாட்டியையும் கொண்டுவந்து, இவளையும் கொல்லையில் கட்டிப்போடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கில் அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

“வண்டிக்கு நேரமாச்சுங்க, அண்ணா” என்றாள்.

அவன் சிரித்தான். “ஆரும் இல்லாதப்பவுமா?”

“ஆரும் இல்லாதப்பவும்தானுங்க, அண்ணா.”

அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். நடிக்கிறாள் என்று நினைத்தான். அவள் கூறைப் பேழையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள்.

பேழையைப் பெண் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை அது இணைச்சீர்காரியின் மடியில் இருக்க வேண்டும். சென்னியப்பரின் வண்டியில் அவளை ஏற்றினார்கள். தன் காளைகளை அவர் வேறு கை தொட விடமாட்டார், தானே ஓட்டுவார். பெண்கள் பொன்னாத்தாளோடு பின்வண்டியில் ஏறிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வண்டி முன்னால் சலங்கை குலுங்கப் போய்விட்டது.

ஊரைத் தாண்டி ஆவாரங்காடு வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த அவர் கையில், கற்பூரம் சுட்ட இடம் கொப்புளம் கட்டியிருந்தது. மாமா என்று கூப்பிட அவளுக்கு வாய் வந்தது, பழக்கம் அப்படி. விழுங்கிக்கொண்டாள்.

“அப்பா” என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

சென்னியப்பர் திரும்பினார்.

இத்தனை வருஷத்தில் அவள் கூப்பிட்டு அவர் திரும்பியது அதுதான் முதல்முறை. கண் சிவந்திருந்தது. பரிதாபமாக இருந்தது. ஆனால் பரிதாபப்படுகிற இடம் அவள் மனசில் அன்றைக்குக் காலியாக இல்லை.

“எங்கம்மா பேரு என்னங்க? இருக்கறாங்களா, இல்லீங்களா?”

அவர் மறுபடியும் மாடுகளின் முதுகைப் பார்த்தார். “முகூர்த்தம் முடியட்டும், சாமி” என்றார்.

கடலைக்காய் வெட்டி முடியட்டும் என்றான் மகன். முகூர்த்தம் முடியட்டும் என்கிறார் அப்பன். இந்த வீட்டு ஆண்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வாய் திறக்கும் போலிருக்கிறது. சௌந்திரம் மடியில் இருந்த பேழையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இல்லீங்கப்பா. பொண்ணு ஊடு வாரதுக்குள்ள சொல்லிப்போடுங்க. இல்லாட்டி நாளைக்கு நானே பந்தல்ல எந்திரிச்சுக் கேப்பேன். கேக்கற பாத்தியதைய நீங்கதான் இன்னிக்குக் குடுத்திருக்கறீங்க.”

பின்வண்டியின் சலங்கைச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. சென்னியப்பர் கொப்புளம் கட்டிய கையால் கயிற்றை இழுத்துப் பிடித்தார். காளைகள் நடுரோட்டில் நின்றன.